வாசகர் கேள்வி–பதில்: அடுத்தடுத்த ஊர்கள் மூன்று முறை மோதிய கோப்பை

கேள்வி: பொங்கலை ஒட்டி எங்கள் பகுதியில் நடந்த கால்பந்துப் போட்டியின் இறுதிக்கு, வயல் வரப்பு ஒன்றே எல்லையாக உள்ள இரண்டு ஊர்களின் அணிகள் வந்து சேர்ந்தன. ஆட்டம் முடிந்து பல வாரங்கள் ஆகியும் டீக்கடை வாக்குவாதம் ஓயவில்லை. கால்பந்துக் கோப்பைகளின் தொடக்க காலத்தில் இப்படி அண்டை ஊர்க்காரர்கள் இறுதியில் மோதிய ஆட்டம் உண்டா? உண்டென்றால் விரிவாக எழுத வேண்டுகிறேன்.
— காரைக்குடி வாசகர்

பதில்: உண்டு. ஒரே இரண்டு அணிகள் எட்டு ஆண்டு இடைவெளிக்குள் மூன்று முறை கோப்பையின் இறுதி ஆட்டத்தில் சந்தித்திருக்கின்றன. அவை இங்கிலாந்தின் ஆஸ்டன் வில்லாவும் வெஸ்ட் பிராம்விச் ஆல்பியனும். ஆண்டுகள் 1887, 1892, 1895.

முதலில் கோப்பையைப் பற்றிச் சில வார்த்தைகள். இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் நடத்தும் எஃப்.ஏ. கோப்பை 1871-72 பருவத்தில் தொடங்கியபோது அதில் சேரப் பெயர் கொடுத்தவை 15 கழகங்கள்தாம். 1872 மார்ச் 16 அன்று லண்டனின் கென்னிங்டன் ஓவல் மைதானத்தில் வாண்டரர்ஸ் அணி ராயல் எஞ்சினியர்ஸ் படையணியை 1-0 என்று வென்ற முதல் இறுதியைப் பார்க்க வந்தவர்கள் ஏறத்தாழ 2,000 பேர். அதன் பிறகு பத்தாண்டுக் காலம் கோப்பை, செல்வந்தர் பள்ளிகளில் படித்தவர்களும் படை அதிகாரிகளும் தங்களுக்குள் கைமாற்றிக்கொள்ளும் பொருளாகவே இருந்தது. 1883-இல் பிளாக்பர்ன் ஒலிம்பிக் என்ற தொழில் நகரத்து அணி, ஈட்டன் பள்ளியின் பழைய மாணவர் அணியை 2-1 என்று தோற்கடித்து அந்த வழக்கத்தை முறித்தது. 1885 ஜூலையில், சம்பளம் வாங்கிக்கொண்டு ஆடுவதைக் கால்பந்துச் சங்கம் வெளிப்படையாக அனுமதித்தது. நாம் பேசும் முதல் இறுதி, அந்த அனுமதிக்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கழித்து, 1887 ஏப்ரல் 2 சனிக்கிழமை நடந்தது.

இரண்டு கழகங்களின் பிறப்பையும் பார்த்தால் சுவையாக இருக்கும். பர்மிங்காமை ஒட்டிய ஆஸ்டன் பகுதியில் வெஸ்லியன் சபை ஒன்றைச் சேர்ந்த கிரிக்கெட் இளைஞர்கள், குளிர்காலத்தில் ஆட ஒன்றுமில்லையே என்று 1874-இல் தொடங்கியதுதான் வில்லா. அவர்களது முதல் எதிரணி ரக்பி ஆடும் அணி என்பதால், ஒரு பாதி ரக்பி விதிப்படியும் மறுபாதி கால்பந்து விதிப்படியும் ஆடினார்கள். இந்த அளவு விட்டுக்கொடுப்பு பின்னாளில் அந்த வட்டாரத்தில் காணக் கிடைக்கவில்லை. ஆல்பியனோ தொழிற்சாலையில் பிறந்தது. வெஸ்ட் பிராம்விச்சில் சுருள்வில்லும் வில் தராசும் செய்த சால்ட்டர் நிறுவனத்தின் தொழிலாளர்கள் 1878-இல் 'ஸ்ட்ரோலர்ஸ்' என்ற பெயரில் அதைத் தொடங்கினார்கள். ஊரில் பந்து கிடைக்காமல் பக்கத்து ஊர்வரை நடந்துபோய் வாங்கி வந்ததால் அந்தப் பெயர் வந்தது என்று ஒரு கதை வழங்குகிறது. இரு மைதானங்களுக்கும் இடையே தொலைவு சுமார் நான்கு மைல். தங்களுக்கு விளங்கும்படி சொல்வதானால், காரைக்குடிக்கும் கோட்டையூருக்கும் உள்ள தொலைவை ஒத்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

1885-இல் கோப்பையின் முந்தைய சுற்று ஒன்றில் இவர்கள் சந்தித்தபோது முதல் ஆட்டம் கோலின்றி முடிந்தது. மறு ஆட்டத்தில் ஆல்பியன் 3-0 என்று வென்றது. 1886-இல் ஆல்பியன் இறுதிவரை சென்று, பிளாக்பர்ன் ரோவர்ஸிடம் மறு ஆட்டத்தில் தோற்றுத் திரும்பியது. ஆகவே 1887-இல் ஆல்பியன் அனுபவம் பெற்ற அணியாகவும், வில்லா முதன்முறையாக இறுதிக்கு வரும் அணியாகவும் இருந்தன. வில்லாவின் பாதையும் எளிதாக அமையவில்லை. முதல் சுற்றில் வெட்னஸ்பரி ஓல்ட் அத்லெட்டிக் அணியை 13-0 என்று நொறுக்கியவர்கள், மூன்றாம் சுற்றில் இன்னோர் அண்டை ஊரான வுல்வர்ஹாம்ப்டனின் வாண்டரர்ஸ் அணியோடு 2-2, 1-1, 3-3 என்று மூன்று முறை சமன் செய்து, நான்காவது ஆட்டத்தில்தான் 2-0 என்று மீண்டார்கள். அரையிறுதியில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ ரேஞ்சர்ஸை 3-1 என்று வென்றார்கள். ஆல்பியனும் அரையிறுதியில் அதே 3-1 கணக்கில், அக்காலத்தின் வலிமை மிக்க பிரஸ்டன் நார்த் எண்ட் அணியை வீழ்த்தியது.

ஓவலில் கூடியவர்கள் சுமார் 15,500 பேர். முதற்பாதியில் கோல் விழவில்லை. இடைவேளைக்குப் பிறகு டென்னிஸ் ஹாட்ஜெட்ஸ் வில்லாவின் முதல் கோலைப் போட்டார். அது குறித்த வழக்கை அடுத்த கேள்வியில் காண்க. ஆட்டம் முடியும் தறுவாயில் வில்லாவின் அணித்தலைவர் ஆர்ச்சி ஹண்டரும் ஆல்பியனின் கோல்கீப்பர் பாப் ராபர்ட்ஸும் ஒரே பந்துக்குப் பாய்ந்து மோதிக்கொண்டனர்; தரையில் கிடந்தபடியே ஹண்டர் பந்தைக் கோலுக்குள் தள்ளிவிட்டார். 2-0. இங்கிலாந்தின் நடுப்பகுதியைச் சேர்ந்த கழகம் ஒன்று கோப்பையை வென்றது அதுவே முதல் முறை. ஸ்காட்லாந்தின் ஏர்ஷயர் மாவட்டத்தில் பிறந்து 1878-இல் பர்மிங்காமுக்கு வந்து சேர்ந்த ஹண்டர், அந்தப் பருவத்தில் கோப்பையின் ஒவ்வொரு சுற்றிலும் கோல் அடித்தவர் என்ற பெருமையையும் பெற்றார். 1890-இல் எவர்ட்டன் அணிக்கு எதிராக ஆடிக்கொண்டிருக்கையில் நெஞ்சுவலியால் சரிந்தவர் பிறகு ஆடவே இல்லை; 1894-இல் 35 வயதில் காலமானார்.

தங்கள் ஊர் டீக்கடை வாக்குவாதத்துக்கு வருகிறேன். ஊர்ப்பகை முற்றியதால்தான் இறுதி ஆட்டம் சூடாகிறது என்று நாம் எண்ணுகிறோம். இந்த மூன்று இறுதிகளின் வரலாற்றைப் படித்தபோது எனக்கு நேர்மாறாகவே தோன்றியது. சபைக் கிரிக்கெட்காரர்களுக்கும் தராசுத் தொழிலாளர்களுக்கும் தொடக்கத்தில் பகைக்கு ஒரு காரணமும் இல்லை. ஒவ்வோர் இறுதியும் தீர்க்கப்படாத ஒரு வழக்கை விட்டுச்சென்றது, அந்த வழக்குகளே சேர்ந்து பகையாயின.

கேள்வி: 1887 இறுதியில் வில்லாவின் முதல் கோல் ஆஃப்சைடு என்று படித்தேன். அது உண்மையா? நடுவர் கவனிக்கவில்லையா?
— தேவகோட்டை வாசகர், விளையாட்டு ஆசிரியர்

பதில்: தாங்கள் விளையாட்டு ஆசிரியர் என்பதால் விதியிலிருந்தே தொடங்குகிறேன். இன்று பிள்ளைகளுக்குத் தாங்கள் கற்பிக்கும் ஆஃப்சைடு விதி அன்று இல்லை. பந்து முன்னோக்கி ஆடப்படும் நொடியில், அதைப் பெறப்போகிறவருக்கும் கோல் கோட்டுக்கும் இடையில் எதிரணியினர் குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும் என்பதே 1866 முதல் இருந்த விதி. அதை இரண்டு பேராகக் குறைத்தது 1925-இல்தான். மூன்று பேர் கணக்கில் பின்காவலர் ஒருவர் சற்று முன்னே நகர்ந்தாலே தாக்குகிறவர் ஆஃப்சைடில் அகப்பட்டுவிடுவார். எனவே கோலுக்கு அருகில் விழும் பந்து ஒவ்வொன்றும் வழக்குக்குரியதாகவே இருந்தது.

வலப்பக்கத்திலிருந்து வந்த பந்தை ஹாட்ஜெட்ஸ் பெற்றபோது, அவர் ஆஃப்சைடில் நிற்கிறார் என்று நம்பிய ராபர்ட்ஸ் அதைத் தடுக்க முனையவே இல்லை என்று சொல்லப்படுகிறது. ஆல்பியன் வீரர்கள் முறையிட்டார்கள். கோல் செல்லும் என்று தீர்ப்பாயிற்று. இதில் ராபர்ட்ஸை வெறும் கவனக்குறைவுக்காரர் என்று தள்ளிவிட முடியாது. ஆல்பியனிலிருந்து இங்கிலாந்து அணிக்குத் தேர்வான முதல் வீரர் அவர். அன்றைய நடைமுறையில் தவறு கண்டவுடன் நடுவர் தாமாக ஊதுவது வழக்கமில்லை. ஆட்டக்காரர்கள் கையுயர்த்தி முறையிட்ட பிறகே தீர்ப்பு. முறையிட்டால் நீதி கிடைக்கும் என்று பழகியவர், பந்தைவிட முறையீட்டை நம்பிவிட்டார்.

நடுவர் முறையும் வேறு. களத்துக்குள் இரண்டு அம்பயர்கள் இருப்பார்கள்; அவர்களுக்குள் கருத்து ஒத்துப்போகாவிட்டால் மட்டும் எல்லைக்கோட்டுக்கு வெளியே நிற்கும் ரெஃப்ரியிடம் கேட்பார்கள். அன்று ரெஃப்ரியாக இருந்தவர் மேஜர் ஃபிரான்சிஸ் மரிண்டின். கால்பந்துச் சங்கத்தின் தலைவரே அவர். முதல் இறுதியில் தோற்ற ராயல் எஞ்சினியர்ஸ் அணியில் ஆடியவர். அரசின் ரயில்வே ஆய்வு அதிகாரியாகப் பணிபுரிந்தவர். சங்கத் தலைவரே விசில் பிடிப்பது இன்று நமக்கு விசித்திரமாகப்படும். அன்று அவருடைய நேர்மையில் எவருக்கும் ஐயம் இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் எல்லைக்கோட்டுக்கு வெளியே நிற்பவரின் பார்வைக்கு எட்டுவது எவ்வளவு என்பது தங்களுக்கே தெரியும். 1891-இல் ரெஃப்ரியைக் களத்தின் நடுவே கொண்டுவந்து, அம்பயர்களை எல்லைக்கோட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பெனால்ட்டி உதையும் அதே ஆண்டில் விதியாயிற்று.

கோல் ஆஃப்சைடா என்ற கேள்விக்கு என் பதில்: படம் இல்லை, அளவுகோல் இல்லை, தீர்ப்பு கோல் என்பதே. முறையிட்டுக்கொண்டே பந்தையும் தடுத்திருக்கலாமே என்பதைத் தங்கள் மாணவர்களுக்கு இந்தக் கதையோடு சேர்த்துச் சொல்லலாம்.

கேள்வி: நான்கு மைல் தொலைவில் உள்ள இரண்டு ஊர்கள் தங்களுக்குள் ஆடுவதற்கு எதற்காக லண்டன் வரை போக வேண்டும்? காரைக்குடிக்காரரும் தேவகோட்டைக்காரரும் சென்னைக்கு ரயிலேறிப் போய் ஆடிவிட்டு வந்ததுபோல் அல்லவா இருக்கிறது?
— கானாடுகாத்தான் வாசகி

பதில்: தங்கள் கேள்வி அன்றைக்கே அங்கே பலர் மனத்தில் எழுந்திருக்கும், அம்மா. கோப்பையைத் தொடங்கத் திட்டம் கொடுத்தவர் கால்பந்துச் சங்கச் செயலாளர் சார்லஸ் ஆல்காக். ஓவல் மைதானத்தை வைத்திருந்த சர்ரே கிரிக்கெட் கழகத்துக்கும் அவரே செயலாளர். மைதானம் கையில் இருந்ததால் இறுதி அங்கேயே நடந்தது. பிறகு அதுவே மரபாகிவிட்டது. கூட்டம் பெருகியபோதுதான் சிக்கல் வந்தது. 1892 இறுதிக்கு 32,000-க்கு மேற்பட்டோர் திரண்டபோது, தங்கள் புல்தரை மிதிபட்டு வீணாகிவிடுமே என்று கிரிக்கெட்காரர்கள் கவலைப்பட்டார்கள். ஓவலில் நடந்த கடைசிக் கோப்பை இறுதி அதுவே. 1893-இல் மான்செஸ்டர் பக்கம் ஃபாலோஃபீல்டுக்கும், 1894-இல் லிவர்பூலின் குடிசன் பார்க்குக்கும் போன இறுதி, 1895-இல் லண்டனின் கிரிஸ்டல் பேலஸுக்குத் திரும்பியது. அங்கு நடந்த முதல் இறுதியிலும் இதே வில்லாவும் ஆல்பியனுமே ஆடினார்கள். பார்த்தவர்கள் 42,000-க்கு மேல்.

பொது இடத்தில் ஆடுவதில் ஒரு நன்மை உண்டு. இருவரில் ஒருவர் மைதானத்தில் நடந்திருந்தால் தோற்றவர் முதலில் மண்ணைத்தான் குறை சொல்லியிருப்பார். ஆயினும் நூறு மைலுக்கு மேல் பயணம் செய்யக் கூலிக்காரர் ஒருவருக்கு ஒரு நாள் ஊதியமும் ரயில் கட்டணமும் போய்விடும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஊரிலேயே தங்கிவிட்டவர்கள் தந்தியில் வந்த எண்களை மட்டுமே வைத்துக்கொண்டு ஆட்டத்தைக் கற்பனை செய்தார்கள். கண்ணால் காணாதவர்தாம் உரக்க வாதிடுவார் என்பதற்கு நம் பக்கத்திலும் சான்று நிறைய உண்டு.

தாங்கள் சொல்லும் நியாயம் ஓரிடத்தில் எடுபட்டது. 1896-இல் ஸ்காட்லாந்துக் கோப்பையின் இறுதிக்கு எடின்பரோ நகரின் இரண்டு அணிகளான ஹார்ட்ஸும் ஹிபர்னியனும் வந்தன. இரண்டும் ஒரே ஊர் என்பதால், கிளாஸ்கோவில் நடப்பதை விடுத்து எடின்பரோவின் லோகி கிரீன் மைதானத்திலேயே அதை நடத்தினார்கள். மார்ச் 14 அன்று ஹார்ட்ஸ் 3-1 என்று வென்றது. ஸ்காட்லாந்துக் கோப்பையின் இறுதி கிளாஸ்கோவுக்கு வெளியே நடந்தது அந்த ஒரு முறைதான். அதே இரு அணிகள் மீண்டும் இறுதியில் சந்திக்க 2012 வரை, அதாவது 116 ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. அப்போது கிளாஸ்கோவில்தான் ஆடினார்கள், ஹார்ட்ஸ் 5-1 என்று வென்றது.

கேள்வி: 1892-இல் வில்லாவின் கோல்கீப்பர் காசு வாங்கிக்கொண்டு ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார் என்கிறார்களே, நம்பலாமா?
— புதுவயல் வாசகர்

பதில்: நம்புவதற்கு ஆதாரம் எதுவும் வெளிவரவில்லை. ஆனாலும் அந்த மனிதர் பட்ட பாட்டைச் சொல்லியாக வேண்டும்.

1891-92 லீக்கில் வில்லா நான்காவது இடத்தில் இருந்தது. ஆல்பியன் பதினான்கு அணிகளில் பன்னிரண்டாவது. அரையிறுதியில் நாட்டிங்காம் ஃபாரஸ்ட்டோடு இரண்டு முறை 1-1 என்று இழுபட்டு, மூன்றாவது ஆட்டத்தில் 6-2 என்று வென்றுதான் ஆல்பியன் இறுதிக்கே வந்தது. எனவே மார்ச் 19 அன்று வில்லாவின் வெற்றியை எல்லோரும் முடிந்த காரியமாக எண்ணியிருந்தார்கள். நடந்ததோ வேறு. ஜாஸ்பர் கெடஸ் தொடக்கத்திலேயே ஒரு கோல் அடித்தார். சாமி நிக்கல்ஸ் இரண்டாவதை அடித்தார். இடைவேளைக்குப் பிறகு ஜான் ரெனால்ட்ஸ் மூன்றாவதை அடித்தார். 3-0. கோப்பையின் இறுதியில் கோல் கம்பங்களுக்கு முதன்முதலாக வலை கட்டியிருந்ததும் அன்றுதான். ஆக, பந்து உள்ளே போனதா வெளியே போனதா என்று வழக்காட வழியில்லாமல் போயிற்று. வழக்கு முழுவதும் வலைக்கு முன்னால் நின்ற ஆள்மீது திரும்பியது.

அந்த ஆள் ஜிம்மி வார்னர். ஐந்து ஆண்டுகளுக்கு முன் இதே ஓவலில், இதே ஆல்பியனுக்கு எதிராக ஒரு கோலும் விடாமல் வில்லாவுக்குக் கோப்பை வாங்கித் தந்தவர் அவரே என்பதை ஊர் அன்று நினைக்கவில்லை. வேண்டுமென்றே விட்டார், தம் அணி தோற்கும் என்று பந்தயம் கட்டியிருந்தார் என்ற வதந்தி பரவியது. அவர் நடத்திவந்த மதுக்கடையின் சன்னல்கள் அடித்து நொறுக்கப்பட்டன. வில்லாவுக்காக அவர் மறுபடி ஆடவில்லை. இன்று மான்செஸ்டர் யுனைடெட் என்று அறியப்படும் நியூட்டன் ஹீத் கழகத்துக்குப் போய்விட்டார்.

எதிரணி வேற்று நாட்டு அணியாகவோ பெயர் தெரியாத ஊராகவோ இருந்திருந்தால் வார்னர் ஒரு மோசமான நாளைக் கடந்து வந்திருப்பார் என்பது என் எண்ணம். தோல்வியை மறுநாள் காலை பட்டறையிலும் சந்தையிலும் ஆல்பியன்காரர் வாயால் கேட்க வேண்டியிருந்ததுதான் பொறுக்க முடியாமல் போயிற்று. 'அவர்கள் நம்மைவிட நன்றாக ஆடினார்கள்' என்று பக்கத்து ஊர்க்காரனைப் பற்றிச் சொல்வதைவிட, 'நம்மவன் ஒருவன் விற்றுவிட்டான்' என்று சொல்வது அவர்களுக்கு எளிதாக இருந்தது. புதுவயல் வாசகர் இதைச் சிறிது யோசிக்க வேண்டுகிறேன். தங்கள் கடிதத்தின் பிற்பகுதியில், தங்கள் ஊர்க் கோல்கீப்பரைப் பற்றி எழுதியிருப்பதை நான் இங்கே வெளியிடாததன் காரணமும் அதுவே.

மூன்றாவது கோலை அடித்த ரெனால்ட்ஸ் பிறகு வில்லாவுக்கே வந்து சேர்ந்தார். 1895 இறுதியில் ஆல்பியனுக்கு எதிராகவே ஆடிக் கோப்பையும் வென்றார். அவரை எவரும் விலைபோனவர் என்று சொன்னதாகக் காணோம்.

கேள்வி: 1895 இறுதியில் முதல் நிமிடத்திலேயே கோல் விழுந்தது என்பதும், அந்தக் கோப்பை பிறகு திருட்டுப்போனது என்பதும் சரிதானா?
— பள்ளத்தூர் வாசகர்

பதில்: இரண்டும் சரி. 1895 ஏப்ரல் 20 அன்று ஆட்டம் தொடங்கி அரை நிமிடம் கடந்ததோ இல்லையோ, வில்லா கோல் போட்டுவிட்டது. உள்ளே வந்துகொண்டிருந்த பலர் அதைப் பார்க்கவே இல்லை. எஞ்சிய நேரத்தில் வேறு கோலும் விழவில்லை. போட்டவர் யார் என்பதிலும் வழக்கு உண்டு. பாப் சாட் உதைத்த பந்து வழியில் அணித்தலைவர் ஜான் டெவி மீது பட்டுச் சென்றது என்பாரும் உளர். பதிவேடுகள் பெரும்பாலும் சாட் பெயரையே கூறுகின்றன. கோப்பை இறுதிகளில் மிக விரைவான கோல் என்ற பெயர் அதற்கு நூறாண்டுக்கு மேல் இருந்தது. 2009-இல் எவர்ட்டனின் லூயி சாஹா 25 நொடியில் அடித்து அதை முறியடித்தார். 2023-இல் மான்செஸ்டர் சிட்டியின் இல்காய் குண்டோகன் 13 நொடிக்குள் அடித்துவிட்டார்.

திருட்டுக் கதை இதைவிடச் சுவையானது. வெற்றி பெற்ற வில்லா, பர்மிங்காமில் கால்பந்தும் காலணியும் விற்ற வில்லியம் ஷில்காக் என்பவரின் கடைச் சன்னலில் கோப்பையைக் காட்சிக்கு வைத்திருந்தது. செப்டம்பர் 11 இரவு அது களவு போயிற்று. 10 பவுண்டு வெகுமதி அறிவித்தும் கிடைக்கவில்லை. 1872 முதல் கைமாறி வந்த அந்தச் சிறிய வெள்ளிக் கோப்பையின் அடக்க விலையே 20 பவுண்டுதான். கால்பந்துச் சங்கம் வில்லாவுக்கு 25 பவுண்டு அபராதம் விதித்து, அதைக் கொண்டு புதிய கோப்பை செய்யச் சொன்னது. 1893-இல் கோப்பை வென்ற வுல்வர்ஹாம்ப்டன் கழகம் தன் வீரர்களுக்கு அதன் சிறிய பிரதிகளைச் செய்து தந்திருந்ததால், அச்சு அசலாகச் செய்ய வழி கிடைத்தது. செய்து கொடுத்தது பர்மிங்காமின் வாட்டன் வெள்ளிப் பட்டறை. அதை நடத்திய ஹோவர்ட் வாட்டன், 1887-இல் ஆல்பியனை வென்ற வில்லா அணியில் ஆடியவர்! ஓவலில் தாம் வென்ற பொருளைத் தம் பட்டறையிலேயே மறுபடி உருவாக்கும் வாய்ப்பு விளையாட்டுக்காரர் வேறு எவருக்கும் வாய்த்திருக்குமா என்று தெரியவில்லை.

63 ஆண்டுகள் கழித்து, 1958-இல், எண்பது வயதைத் தாண்டிய முதியவர் ஒருவர் அதைத் திருடியது தாமே என்றும், உருக்கிக் கள்ள நாணயம் அடித்துவிட்டோம் என்றும் செய்தித்தாளிடம் ஒப்புக்கொண்டார். சொன்ன விவரங்கள் சில அன்றைய செய்திகளோடு பொருந்தாததால் எல்லோரும் அதை ஏற்கவில்லை. ஆல்பியன் ஆதரவாளர்கள் கோப்பையை இரண்டு முறை வென்றும் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தவர்கள் நாங்கள் என்று சொல்லிக்கொள்ள 1895 களவு ஒரு நல்ல வாய்ப்பாயிற்று. 1888-இலும் 1892-இலும் வென்றவர்கள் அவர்கள் என்பதால் கணக்கும் சரியே.

கேள்வி: பினாங்கில் நகரத்தார் வணிகம் நடத்திய கிட்டங்கியில் பெட்டியடிப் பையனாக (கடைநிலை உதவியாளராக) இருந்த எங்கள் ஐயா, அங்கே பட்டாளத்துக்காரர்கள் கோப்பைக்காகப் பந்து ஆடுவதை வேலி ஓரம் நின்று பார்த்ததாகச் சொல்வார். நம் நாட்டிலும் அந்தக் காலத்தில் பட்டாளங்களுக்குள் இப்படிக் கோப்பை இறுதி நடந்திருக்கிறதா?
— ஆத்தங்குடி வாசகர்

பதில்: நடந்திருக்கிறது. 1888-இல், அதாவது வில்லாவும் ஆல்பியனும் முதன்முறை இறுதியில் மோதிய மறு ஆண்டு, பிரிட்டிஷ் இந்திய அரசின் வெளியுறவுச் செயலாளர் மார்ட்டிமர் டூரண்டு சிம்லா மலைப்பகுதியில் தம் பெயரால் ஒரு கோப்பையைத் தொடங்கினார். அந்த முதல் டூரண்டு கோப்பையின் இறுதிக்கு வந்தவை இரண்டுமே ஸ்காட்லாந்துப் படைப்பிரிவுகள். ராயல் ஸ்காட்ஸ் ஃபியூசிலியர்ஸ் 2-1 என்று ஹைலேண்டு லைட் இன்ஃபன்ட்ரியை வென்றது. முன்னதற்கு ஆள் எடுத்த முக்கிய மாவட்டம் ஏர்ஷயர், ஆர்ச்சி ஹண்டரின் பிறந்த மண். பின்னது கிளாஸ்கோ நகரத்தோடு நெருங்கிய தொடர்புள்ளது. ஊரில் அருகருகே வாழ்ந்தவர்கள் கடல் கடந்து வந்து இமயமலைச் சரிவில் மோதிக்கொண்டார்கள் என்று கொள்ளலாம். பட்டாளங்கள் போன இடமெல்லாம் இந்த ஆட்டம் உடன் போனது. தங்கள் ஐயா பினாங்கில் பார்த்ததும் அந்த வழியில் வந்ததாகவே இருக்கும். அவர் கிட்டங்கியிலிருந்து எழுதிய கடிதங்கள் எவையேனும் வீட்டில் இருந்தால், அவற்றில் ஆட்டத்தைப் பற்றிய குறிப்பு உண்டா என்று பார்த்து, படி எடுத்து அனுப்பி வையுங்கள்; வரும் இதழ்களில் இடம் ஒதுக்குகிறோம்.